படம் தெரிகிறது, சத்தம் வரவில்லை: கேபிள் பாக்ஸோடு ஏழு ஆண்டுகள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு 2018-இல் செட்-டாப் பாக்ஸ் வந்தது. 2021-இல் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எச்டி பாக்ஸுக்கு மாறினோம். தொலைக்காட்சி மட்டும் 2013-இல் வாங்கிய அதே 32 அங்குல எல்இடி. இந்த ஏழு ஆண்டுகளில் படம் சரியில்லை என்று கேபிள்காரரை அழைத்தது மிகக் குறைவு. சத்தம் சரியில்லை என்று அழைத்ததுதான் அதிகம். அவற்றில் பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் அவர் வந்திருக்கவே வேண்டியதில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

எச்டி பாக்ஸ் வந்த வாரமே முதல் சிக்கல். மற்ற எல்லாச் சேனல்களிலும் ஒலி வந்தது. இரண்டு விளையாட்டுச் சேனல்களிலும் ஒரு திரைப்படச் சேனலிலும் மட்டும் படம் பளிச்சென்று ஓடியதே தவிர, ஒரு சத்தமும் இல்லை. வந்து பார்த்தவர், "பாக்ஸ் பீஸ் சரியில்ல சார், மாத்திடலாம்" என்றார். மாற்றினார், அதற்குத் தனியாகப் பணமும் வாங்கிக்கொண்டார். புதிய பாக்ஸிலும் அதே மூன்று சேனல்கள் ஊமையாகவே இருந்தன.

பழுது உண்மையில் எந்தப் பொருளிலும் இல்லை. சாதாரண எஸ்டி சேனல்களின் ஒலி பெரும்பாலும் எம்பெக் முறையில் வருகிறது. பாக்ஸ் அதைத் தானே பிரித்து, பிசிஎம் எனப்படும் எளிய வடிவில் எச்டிஎம்ஐ கம்பி வழியாகத் தொலைக்காட்சிக்குத் தந்துவிடுகிறது. சில எச்டி சேனல்களோ டால்பி முறையில் ஒலியை அனுப்புகின்றன. பாக்ஸின் ஒலி அமைப்பில் 'பிட்ஸ்ட்ரீம்' என்று இருந்தால் அந்த டால்பி ஒலி பிரிக்கப்படாமல் அப்படியே தொலைக்காட்சிக்குப் போகும். என்னுடையதைப் போன்ற பழைய தொலைக்காட்சிக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததால் பேசாமல் இருந்துவிடும். பாக்ஸின் மெனுவில் 'ஆடியோ அவுட்புட்' என்ற இடத்தைத் தேடிப் பிடித்து பிசிஎம் என்று மாற்றினேன், அவ்வளவுதான். ஆகவே சத்தம் வரவில்லை என்றால் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, எந்தச் சேனலில் வரவில்லை என்பதே. எல்லாவற்றிலும் இல்லையென்றால் கம்பியோ தொலைக்காட்சியோ. சிலவற்றில் மட்டும் இல்லையென்றால் பெரும்பாலும் அமைப்பு.

அடுத்தது அப்பாவின் புகார். "பாட்டு நல்லாக் கேக்குதுப்பா, பேசுறதுதான் காதுல விழல" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது என்று நாங்களும், நான் உட்பட, அதைப் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் அவர் பக்கத்தில் அமர்ந்து செய்தி கேட்டபோதுதான், எனக்கும் வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போலக் கேட்டது. தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் யாரோ 'சரவுண்ட்' என்பதை இயக்கி வைத்திருந்தார்கள். அந்த வசதி, இடப்பக்க ஒலிக்கும் வலப்பக்க ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிதாக்கித்தான் அகன்று கேட்கும் உணர்வைத் தருகிறது. பேச்சு இரண்டு பக்கமும் ஒரேபோல் இருப்பது. வேறுபாடு பெரிதாகும்போது பொதுவாக இருப்பது அமுங்கிப் போகிறது, இசைக்கருவிகள் மட்டும் மேலெழுகின்றன. அதை நிறுத்தி, குரலைத் தெளிவாக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்ததும், 40-இல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் 22-க்கு இறங்கிவிட்டார். அப்பாவின் காதைக் குறை சொன்ன மாதங்களுக்காக இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

உண்மையிலேயே கேபிள் வழியாக வந்த கோளாறு 2022 ஐப்பசி மழையில்தான் நேர்ந்தது. சில சேனல்களில் மட்டும் ஒலி நறுக்நறுக்கென்று வெட்டுப்பட்டது. உற்றுப் பார்த்தால் படமும் ஓரிரு இடங்களில் கட்டம் கட்டமாக உடைந்தது. கண் பொறுத்துக்கொள்வதைக் காது பொறுத்துக்கொள்வதில்லை என்பதால் நமக்கு முதலில் சத்தம்தான் உறுத்துகிறது. டிஜிட்டல் கேபிளில் ஓர் அலைவரிசைக்குள் பல சேனல்களைச் சேர்த்து அனுப்புவார்கள். அதனால் ஒரு கூட்டம் சேனல்கள் சேர்ந்தாற்போல் கெட்டு, மற்றவை நன்றாக இருந்தால், சந்தேகப்பட வேண்டியது வரும் சிக்னலைத்தான்.

பாக்ஸின் பின்புறம் திருகியிருந்த கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். நடுக்கம்பியின் முனை பச்சை பூத்திருந்தது. சுற்றியிருக்க வேண்டிய வெள்ளிநிறப் பின்னலில் மயிரிழை போன்ற ஒற்றைக் கம்பி வளைந்து, நடுக்கம்பியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. காற்றில் கேபிள் ஆடும்போதெல்லாம் ஒலி வெட்டுப்பட்டதற்கு அந்த ஓர் இழை போதும். கேபிளை அரையடி வெட்டி, புதிய கனெக்டர் போட்டுத் தந்தவர் அதே கேபிள்காரர்தான். அந்த வேலையை அவர் மிகச் சுத்தமாகச் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மாடி அறைக்காக முன்பு போட்டு, பிறகு பயன்படாமல் கிடந்த ஸ்ப்ளிட்டரையும் அன்றே எடுத்துவிடச் சொன்னேன். இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர், மறுமுனையில் எதுவும் இல்லாவிட்டாலும், சிக்னலில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. கனெக்டரைக் கழற்றும் முன் பாக்ஸ், தொலைக்காட்சி இரண்டின் பிளக்குகளையும் பிடுங்கிவிட வேண்டும்; அப்போதும் கேபிளின் உலோகப் பகுதியை வெறுங்கையால் தொடக் கூடாது. சிக்னலை வலுவாக்கத் தெருவில் வைத்துள்ள ஆம்ப்ளிஃபயர் யாரோ ஒருவர் வீட்டு மின்சாரத்தில் ஓடுகிறது. எர்த் சரியில்லாவிட்டால் அதன் கசிவு கேபிளின் உலோகப் பின்னல் வழியாக நம் வீடுவரை வரும். எனக்கு விரலில் சுரீரென்று பிடித்த பிறகுதான் டெஸ்டர் வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. இடி இடித்தால் பவர் பிளக்கோடு கேபிளையும் கழற்றிவிடுகிறோம்.

போன ஆண்டு வாங்கிய சவுண்ட்பாரிலிருந்து ஓயாமல் 'உம்' என்ற ஓசை வந்ததற்கும் இந்த எர்த் கோளாறே காரணம். கேபிளைக் கழற்றியதும் ஓசை நின்றது, மாட்டியதும் வந்தது. அதைக் கேபிள்காரரிடம் செய்து காட்டிய பிறகே அவர் தெருமுனைப் பெட்டியைப் பார்க்கச் சம்மதித்தார்.

சிறு விஷயங்களும் உண்டு. குழந்தைகள் சேனல் திடீரெனத் தெலுங்கு பேசினால் பாக்ஸ் ரிமோட்டில் மொழி மாற்றும் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒலி சன்னமாக இரைச்சலோடு வந்தால் பாக்ஸின் ஒலியளவு குறைவாகவும் தொலைக்காட்சியின் அளவு மிகுதியாகவும் இருக்கும். நான் பாக்ஸை ஏறக்குறைய முழு அளவில் விட்டுவிட்டுத் தொலைக்காட்சியில் மட்டும் கூட்டிக் குறைக்கிறேன். மின்சாரம் போய் வந்த பின் படம் வந்து ஒலி மட்டும் வராவிட்டால், இரண்டையும் அணைத்து இரண்டு நிமிடம் பிளக்கைப் பிடுங்கி வைத்தால் எச்டிஎம்ஐ மறுபடி பேசத் தொடங்கிவிடுகிறது.

எனக்கு இன்றுவரை தீர்வு கிடைக்காதது விளம்பரச் சத்தம். விளம்பரங்களின் ஒலி மிகையாக இருக்கக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளே சொல்கின்றன. தொலைக்காட்சியில் உள்ள தானியங்கி ஒலிச் சமன் வசதியைப் போட்டுப் பார்த்தேன். அது விளம்பரத்தைக் கொஞ்சம் அடக்குகிறது, ஆனால் அடுத்து வரும் பாட்டையும் சேர்த்து நசுக்கிவிடுகிறது. அதனால் அதை நிறுத்தியாயிற்று. தொடர் இடைவேளைக்குப் போகும் நொடி அப்பாவுக்கு அத்துப்படி. அதற்குச் சற்று முன்பே அவர் கட்டைவிரல் மியூட் பொத்தானின் மேல் வந்து நின்றுவிடுகிறது.