வெயில் பட்டால் கண்ணை மூடிக்கொள்ளும் வழிகாட்டி

போன வாரம் போனுக்குப் புது பேட்டரி போட்டேன். பழையது உப்பிப்போய், திரையை ஒரு ஓரமாகத் தூக்கிவிட்டிருந்தது. "இதை அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பீர்களா?" என்று கேட்டார் பழுது பார்த்தவர். இரண்டு பேர் உட்காரும் விமானத்தில் முன்கண்ணாடியில் ஒட்டி வைப்பேன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

புதிதாக விமானி உரிமம் வாங்கிய நண்பர் ஒருவர், பறக்கும்போது வழி பார்க்கத் தனி ஜிபிஎஸ் கருவி வேண்டுமா, போன் போதாதா என்று கேட்டிருந்தார். மூன்று ஆண்டு இதை வைத்துப் பறந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஜிபிஎஸ் மீது குறையே கிடையாது. ஏரோப்ளேன் மோடில், டவர் சிக்னல் துளிகூட இல்லாத இடத்திலும், 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களை அது விடாமல் பிடித்துக்கொள்கிறது. வரைபடத்தைக் கிளம்பும் முன்பே இறக்கி வைத்தால் போதும். எனக்கு மிகவும் பிடித்தது தரைவேகம், அதாவது தரையை வைத்துப் பார்த்தால் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பது. காற்றை வைத்து அளக்கும் விமானத்தின் வேகமானி 90 நாட் (மணிக்கு 90 கடல்மைல்) காட்டும்போது போன் 72 காட்டினால், எதிர்காற்று எவ்வளவு தின்கிறது, எரிபொருள் எவ்வளவு மிஞ்சும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஆனால் அந்தச் சூடு! 35 டிகிரி வரைதான் தாங்கும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள். வெயில் நேரத்தில் கண்ணாடிக்கூண்டுக்குள் அதைத் தாண்ட எவ்வளவு நேரமாகும்? முதலில் திரை மங்கும். அப்புறம் சார்ஜ் ஏறுவது நிற்கும். கடைசியில், "சூடாகிவிட்டேன், ஆற விடு" என்று ஒரு அறிவிப்பு, வரைபடம் போச்சு. ஒருமுறை, அனுமதி இல்லாமல் நுழையக் கூடாத கட்டுப்பாட்டு வான்வெளியின் ஓரத்தில் இப்படி ஆனது. 90 நாட் வேகத்தில் நிமிடத்துக்கு ஒன்றரை கடல்மைல் போகிறோம். போன் ஆறப் பத்து நிமிடம் பிடித்தது. அதுவரை மடியில் இருந்த காகிதப் படமும் கைக்கடிகாரமும்தான்.

உறையைக் கழற்றினேன், காற்றுத் துளைக்கு நேரே மாற்றினேன், ஓரளவு பலன். காந்தத் தாங்கியையும் முயன்றேன், பக்கத்திலிருந்த திசைகாட்டி முள்ளே திரும்பிக்கொண்டது. அன்றைக்கே கழற்றி எறிந்தேன். இதில் நான் போடும் போலரைஸ்டு கூலிங்கிளாஸ் வேறு. தலையைச் சாய்த்தால் திரை கறுப்பு.

நண்பருக்குத் தனிக் கருவியே வாங்குங்கள் என்று எழுதிவிட்டேன். நான் வாங்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை இதே போன்தான், இந்தத் தடவை தொடையில் கட்டிக்கொண்டு, விடிந்ததும் கிளம்புகிறேன்.