நெஞ்சில் ஸ்டென்ட், கையில் கனடா டிக்கெட்: எந்த இன்சூரன்ஸ் எடுப்பது?

போன ஆடியில் எனக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். தைப்பொங்கல் முடிந்த கையோடு மிசிசாகாவிலிருந்து மகள் கூப்பிட்டாள். ஏப்ரல் கடைசியில் பிரசவம், ரெண்டு பேரும் வந்துருங்க என்றாள். எனக்கு 63 வயது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தோப்பைப் பார்த்துக்கொண்டு கிடப்பவனுக்கு வெளிநாட்டு இன்சூரன்ஸைப் பற்றி என்ன தெரியும்? ஒரு மாசம் பாலிசிக் காகிதங்களோடு மல்லுக்கட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

எடுக்காமலே போய்விடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். மகள் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் அரசு மருத்துவக் காப்பீடு அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான், பார்க்கப் போகிறவர்களுக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் பில் முழுசும் மருமகன் தலையில். அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

மிச்சம் ரெண்டு வழி. இங்கேயே ஓவர்சீஸ் பாலிசி எடுப்பது, அல்லது கனடா கம்பெனியின் விசிட்டர் பாலிசி எடுப்பது.

இங்கே எடுப்பது மலிவு. பெட்டி தொலைந்தால், பாஸ்போர்ட் தொலைந்தால் எல்லாம் அதிலேயே வந்துவிடும். ஏஜென்ட் வீட்டுக்கே வந்து காபி குடித்துவிட்டு எழுதிக்கொண்டு போவார். ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய் என்று வந்தால் பெரும்பாலான பாலிசிகள் கையை விரித்துவிடும். சிலதில் மட்டும், உயிருக்கு ஆபத்தான நேரத்தில் நிலைமை சீராகும் வரைக்கும் ஆகும் செலவை, அதற்கென்று வைத்த தனி வரம்புக்குள் தருவார்கள். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 1 லட்சம் டாலர் என் இதயத்துக்கானது இல்லை.

இதைக் கேட்டதற்கு ஏஜென்ட் என்ன சொன்னார் தெரியுமா? “ஹார்ட் சமாச்சாரமெல்லாம் எழுதாதீங்கண்ணா, யாரு பாக்கப் போறாங்க?” கிளைம் என்று போனால் முதலில் கேட்பதே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத்தான். மறைத்தது தெரிந்தால் பாலிசியே செல்லாமல் போகும். அடுத்த வாரம் பாக்கலாமுங்க என்று அனுப்பிவைத்தேன்.

கனடா பாலிசியின் பிரீமியம் நாலு மடங்குக்கு மேல். ஆஸ்பத்திரி பில்லில் முதல் 1,000 டாலரை நானே கட்டிக்கொள்கிறேன் என்று எடுத்ததில் கொஞ்சம் இறங்கியது. ஆனால் அங்கே, நோய் ‘நிலையாக’ இருந்தால் அந்த நோயால் வரும் அவசரத்துக்கும் கவரேஜ் கிடைக்கும். இந்த நிலை என்ற ஒரு சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது.

பாலிசி தொடங்கும் நாளுக்கு முந்தைய 90, 120 அல்லது 180 நாள் (பிளானைப் பொறுத்து) புது அறிகுறி இருக்கக்கூடாது, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கக்கூடாது, டாக்டர் எழுதிய டெஸ்ட் பாக்கி இருக்கக்கூடாது, மாத்திரை மாறியிருக்கக்கூடாது. டோஸ் கூடினாலும் மாற்றம்தான், பல பாலிசிகளில் குறைந்தாலும் மாற்றம்தான். இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாதிரி ஒன்றிரண்டுக்கு விலக்கு உண்டு. இதய நோயாளி நெஞ்சுவலிக்காக வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் நைட்ரோகிளிசரின் எடுத்திருந்தால் கவரேஜ் கிடையாது என்று எழுதிய பாலிசிகளும் உண்டு.

என் மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். பிரஷர் மாத்திரை டெல்மிசார்டன் 40-ஐ அடித்து, மேலே 80 என்று நீல மையில் டாக்டர் எழுதியிருந்தார். தேதி ஜனவரி 9. என் பிளானுக்கு 120 நாள். காலண்டரில் விரலை வைத்து எண்ணினால் அது மே 9-இல் முடிகிறது. பிரசவமோ ஏப்ரலில். “அம்மா முன்னாடி வரட்டும், நீங்க தேதி பாத்து வாங்கப்பா” என்றாள் மகள். எனக்கு மே 12-க்கு டிக்கெட் போட்டோம். பாக்கி இருந்த டிரெட்மில் டெஸ்ட்டை பிப்ரவரியிலேயே முடித்து ரிப்போர்ட்டும் வாங்கிவிட்டேன். மார்ச்சில் செக்கப் போனபோது டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். “மாத்த வேண்டியிருந்தா மாத்திருவேனுங்க, பயணத்துக்காக நிறுத்தி வைக்கமாட்டேன்” என்றார். அதுதான் சரி. நல்லவேளை, மாற்ற வேண்டியிருக்கவில்லை.

நடுவில் மெடிக்கல் ஷாப்பில் அதே டெல்மிசார்டன் 80-ஐ வேறு பிராண்டில் கொடுத்துவிட்டார்கள். பகீரென்றது. மருந்தும் அளவும் அதேதான் என்றால் மாற்றமாகக் கணக்கில்லை என்று கனடா பாலிசிக்கான இன்சூரன்ஸ் புரோக்கர் மெயிலில் பதில் போட்டார். அதை பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட் உறையில் வைத்துக்கொண்டேன். கனடாவில் இறங்கின பிறகு வாங்கினால் சில நாள் காத்திருப்புக் காலம் வைப்பார்கள், அதனால் பாலிசியைக் கிளம்பும் முன்பே வாங்கியாயிற்று.

வீட்டம்மாவுக்கு நம்மூர் பாலிசியே எடுத்தேன். 58 வயது, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. அவளுக்கு நாலு மடங்கு கொடுப்பது வீண்.

நான் கிளைம் போடவில்லை, அதனால் காசு எப்படி வருகிறது என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. புற்றுநோய்க்கு வைத்தியம் நடந்துகொண்டிருப்பவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. கீமோ ஓடும்போது நிலை என்ற சொல்லுக்கே இடமில்லை. பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்கப் பெற்றோருக்குத் தரும் சூப்பர் விசாவில் போகிறவர்கள் குறைந்தது 1 லட்சம் கனடா டாலருக்கு ஒரு வருஷப் பாலிசி காட்ட வேண்டும். நான் சாதாரண விசிட்டர் விசாவில் போனதால் அந்தக் கட்டாயம் இல்லை.

தேங்காய் வெட்டு இருந்ததால் ஆகஸ்ட்டிலேயே திரும்பிவிட்டேன். கிளைம் இல்லாததால் மிச்ச நாளுக்கான பிரீமியம் மகள் கணக்குக்குத் திரும்பி வந்ததாம். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.