டிப் என் க்ரோ: பிர்ச் கட்டிங் போடுபவர்கள் வாங்கலாமா?

பிர்ச் மரத்தைக் கட்டிங்கில், அதாவது வெட்டிய தண்டை வேர்விடச் செய்து, பெருக்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது வேர் ஹார்மோன். அமெரிக்காவில் கிடைப்பவற்றில் டிப் என் க்ரோ என்ற திரவமும் ஹார்மோடின் என்ற பவுடரும் நாற்றங்கால்காரர்களுக்கு நன்கு பழக்கமானவை. இங்கே எடைபோடுவது திரவத்தை. பவுடர் ஒப்பீட்டுக்கு மட்டும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆற்றோர பிர்ச்சுக்கு, அதாவது பெட்டுலா நைக்ராவுக்கு, இது நல்ல மருந்து. வெள்ளைப் பட்டைக்காகவே வளர்க்கும் இமாலய பிர்ச் வகைகளுக்கு இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

பாட்டிலில் இருப்பது 1% இண்டோல் பியூட்ரிக் அமிலம், 0.5% நாப்தலீன் அசிட்டிக் அமிலம். சுருக்கமாக ஐபிஏ, என்ஏஏ. இவற்றைக் கரைத்து வைத்திருப்பது ஆல்கஹால். 1% என்றால் 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10,000 பங்கு). 5 மில்லி மருந்தை 45 மில்லி தண்ணீரில் கலந்தால் ஐபிஏ 1,000 பிபிஎம், என்ஏஏ 500 பிபிஎம் ஆகிவிடும். அதே 5 மில்லிக்கு 20 மில்லி தண்ணீர்தான் என்றால் இரண்டும் இரட்டிப்பாகும். 50 மில்லிக் கரைசலே சில நூறு கட்டிங்குக்குப் போதும். ஒரே பாட்டிலை வைத்துக்கொண்டு இளந்தண்டுக்கு ஒரு பலம், முற்றிய தண்டுக்கு ஒரு பலம் என்று மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் இந்தப் பொருளின் பெரிய வசதி.

பவுடரில் அப்படிச் செய்ய முடியாது. ஹார்மோடின் 1, 2, 3 என்று மூன்று டப்பா, முறையே 0.1%, 0.3%, 0.8% ஐபிஏ. 0.3% பவுடரை 3,000 பிபிஎம் கரைசலுக்குச் சமம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அது தப்புக் கணக்கு. டால்க் மாவில் இருக்கும் ஹார்மோன் தண்டின் ஈரத்தில் கரைந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும். வெட்டுவாய் காய்ந்திருந்தால் மாவு ஒட்டாது. ரொம்ப ஈரமாக இருந்தால் கட்டியாக அப்பிக்கொள்ளும். ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிங்குகள் வேறு வேறு விதமாக நடந்துகொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். திரவத்தில் எல்லாத் தண்டும் ஒரே அளவு மருந்தை, ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்கின்றன. இந்த ஒரு விஷயத்துக்காகவே பவுடரை விடத் திரவத்தைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் பலம் கூட்டினால் வேர் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. பிர்ச் விஷயத்தில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வேர் பிடித்த பிர்ச் கட்டிங் குளிர்காலத்துக்கு முன் ஒரு தடவையாவது புதுத் துளிர் விட வேண்டும். விடாமல் உறங்கப் போனால், வேர் நன்றாக இருந்தும் அடுத்த வசந்தத்தில் எழுந்திருக்காமல் போகும் அபாயம் அதிகம். ஐபிஏ, என்ஏஏ போன்ற ஆக்ஸின் வகை ஹார்மோன்கள் வேரைத் தூண்டும். அளவு மிஞ்சினால் மொட்டு விரிவதைத் தடுக்கும். அதிலும் என்ஏஏ செடிக்குள் சீக்கிரம் சிதையாமல் தங்குகிற பொருள். 2,000 பிபிஎம் கலவையில் என்ஏஏவும் 1,000க்கு ஏறிவிடுகிறது. இரண்டும் ஒரே பாட்டிலில் கட்டிப்போட்டிருப்பதால் ஒன்றை மட்டும் கூட்ட வழியில்லை. பிர்ச்சுக்கு இந்தப் பொருளின் உண்மையான குறை இதுவே. இளந்தண்டுக்கு 1,000 பிபிஎம் ஐபிஏவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தண்டு எடுக்கும் பருவமும் மருந்தளவுக்குச் சமமான விஷயம். வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் ஜூன் முதல் ஜூலை நடுப்பகுதி வரை. அந்த வருடத்துக் கிளையை வளைத்துப் பாருங்கள்: நுனி துவள வேண்டும், அடி 'டக்' என்று ஒடிய வேண்டும். அடியும் துவண்டால் இன்னும் பிஞ்சு. அதை ஆல்கஹால் சுட்டுவிடும். காலை வெயில் ஏறுமுன் 12 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே, பிளேடால் வெட்ட வேண்டும். கத்தரி தண்டை நசுக்கும். நசுங்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும். மேலே இரண்டு மூன்று இலை போதும். இலை பெரிதானால் பாதியாக நறுக்கிவிடலாம். வயதான மரத்தின் உச்சிக் கிளையை விட, இரண்டு மூன்று வயதுக் கன்றின் தண்டோ, அடியில் வெட்டிவிட்ட மரத்தின் புதுக் கிளையோ நன்றாக வேர் விடும். முருங்கைப் போத்தை ஊன்றுகிற மாதிரி முற்றின கட்டையை மண்ணில் நட்டு பிர்ச் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

கரைசலைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, தண்டின் அடியில் 1.5 முதல் 2 செ.மீ. வரை மட்டும் மூழ்கும்படி 3 முதல் 5 வினாடி வைத்து எடுக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். எடுத்த தண்டை உடனே ஈர மண்ணில் செருகாமல், ஆல்கஹால் பறக்கும்வரை ஓரிரு நிமிடம் நிழலில் விட வேண்டும். மிஞ்சிய கரைசலை பாட்டிலில் திரும்ப ஊற்றக் கூடாது. அன்றைய கலவை அன்றோடு சரி.

நடும் ஊடகத்துக்கு பீட் (மட்கிய சதுப்பு நிலப் பாசி) ஒரு பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளை எரிமலைக் கல் துகள்) ஒரு பங்கு. தண்ணீர் தேங்கும் தட்டானால் பெர்லைட் இரண்டு பங்கு. பென்சிலால் துளை போட்டு, 4 செ.மீ. ஆழத்தில் தண்டை இறக்கி, விரலால் லேசாக அழுத்தினால் போதும். தட்டின் அடிச்சூடு 21 முதல் 24 டிகிரி செல்சியஸ். மிஸ்ட், அதாவது பனிபோல் தண்ணீர் தெளிக்கும் வசதி இருந்தால் பகலில் 8 முதல் 10 நிமிடத்துக்கு ஒரு முறை சில வினாடி. இல்லாதவர்கள் பிளாஸ்டிக் கூடாரம் போட்டு வெளிச்சமான நிழலில் வைக்கலாம். கூடாரத்தின் மீது நேர் வெயில் பட்டால் ஒரே மதியத்தில் எல்லாம் வெந்துவிடும். ஆற்றோர பிர்ச் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வேர் விடுகிறது.

கெட்டுப்போனால் தண்டைப் பிடுங்கிப் பார்த்தே காரணம் சொல்லிவிடலாம். மருந்தில் நனைந்த இடம் மட்டும், நனைந்த உயரம்வரை நேர்கோடாகக் கறுத்து, மேலே பச்சையாக இருந்தால் மருந்து அதிகம், அல்லது தண்டு பிஞ்சு. அடியிலிருந்து மேல்நோக்கி வழவழவென்று அழுகியிருந்தால் ஈரம் அதிகம். ஹார்மோனைக் குறை சொல்லிப் பயனில்லை. வெட்டுவாயில் வெளிறிய உருண்டையாகத் திசு திரண்டு வேர் மட்டும் வராவிட்டால், பெரும்பாலும் தண்டு முற்றிவிட்டது அல்லது தாய் மரத்துக்கு வயதாகிவிட்டது. முதல் இரண்டு வாரத்திலேயே இலை கொட்டினால் அந்தக் கட்டிங்கில் நம்பிக்கை வைக்க வேண்டாம். வேருக்கு வேண்டிய சர்க்கரை அந்த இலையிலிருந்துதான் வர வேண்டும்.

வேர் தெரிந்ததும் மிஸ்டைப் படிப்படியாகக் குறைத்து, 20-20-20 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ளது) லிட்டருக்கு 1 கிராம் வீதம் வாரம் ஒரு முறை கொடுக்கலாம். ஆகஸ்டில் பகல் சுருங்கச் சுருங்க பிர்ச் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மாலையில் விளக்குப் போட்டு நாளை 16 மணி நேரமாக நீட்டினால் அது இன்னும் கோடைதான் என்று துளிர் விடும். மங்கலான விளக்கே போதும். துளிர் முற்றியபின் விளக்கை நிறுத்தி, இயல்பாக இலை உதிரவிட்டு, 0 முதல் 4 டிகிரியில் உறைபனி தாக்காத இடத்தில் வைக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் தொட்டி மாற்றும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். வேரைக் கலைக்காமல் அதே தட்டில் விட்டு, வசந்தத்தில் மொட்டு அசைந்தபின் மாற்றுவதே பாதுகாப்பு.

எந்த வகைக்கு வாங்கலாம்? 'ஹெரிடேஜ்' வைத்திருப்பவர்கள் தயங்கவே வேண்டாம். ஏர்ல் கல்லி என்ற நாற்றங்கால்காரர் செயின்ட் லூயி பகுதியில் கண்டெடுத்த ஆற்றோர பிர்ச் அது. சால்மன் நிறத்தில் உரியும் பட்டை, வெண்கல பிர்ச் துளைப்பான் என்ற வண்டை எதிர்த்து நிற்கும் குணம், கட்டிங்கில் எளிதாக வேர் விடும் சுபாவம் மூன்றும் ஒரே மரத்தில். அதன் காப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. புதிய ரகங்களானால் பெயர்ச்சீட்டில் காப்புரிமை எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கத்தியை எடுக்க வேண்டும்.

பெட்டுலா யூட்டிலிஸின், அதாவது இமாலய பிர்ச்சின், ஜாக்மோன்டி வகை வேறு கதை. 'டூரன்போஸ்', 'கிரேஸ்வுட் கோஸ்ட்' போன்ற பெயர் பெற்ற வெள்ளை ரகங்களைக் கட்டிங்கில் பிடிக்கச் செய்வது கடினம். நாற்றங்கால்களில் குளிர்காலத்தில், விதையில் முளைத்த பெட்டுலா பெண்டுலா என்ற வேறு பிர்ச் கன்றின்மேல் ஒட்டுக்கட்டுகிறார்கள், அல்லது திசு வளர்ப்புக்குப் போகிறார்கள். விதை போட்டால் பக்கத்து பிர்ச்சோடு கலந்து பட்டையின் வெண்மை மாறிவிடும். இவற்றில் கட்டிங் முயல்வதானால் டிப் என் க்ரோவை விட, தண்ணீரில் கரையும் ஐபிஏ பொட்டாசியம் உப்பு நல்லது. ஆல்கஹாலும் இல்லை, என்ஏஏவும் இல்லை, பலத்தைத் துணிந்து கூட்டலாம். எடை போடத் துல்லியமான தராசு வேண்டும் என்பதுதான் அதில் உள்ள தொல்லை.

வீட்டுத் தோட்டக்காரருக்குக் கிடைப்பதில் மிகச் சிறிய பாட்டிலே போதும். வெளிச்சம் ஐபிஏவைச் சிதைக்கும். இருட்டான, குளிர்ந்த இடத்தில், மூடியை இறுக்கி வைக்க வேண்டும். எரியும் திரவம் என்பதால் அடுப்பங்கரை வேண்டாம். கலக்கும்போது கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம்.