ஈஸா, டிரெயில்ஸா: ஃபால்காமுக்குள் எந்த வாசல் வழியாகப் போவது?

ஜப்பானிய ஆர்பிஜி, அதாவது ஒரு கதாபாத்திரமாக நுழைந்து கதையோடு ஆடும் வீடியோ கேம், ஆடுகிறவர்களிடம்கூட ஃபால்காம் என்று சொன்னால், "அது யாருங்க?" என்று கேட்பவர்கள் பாதிப் பேர். டோக்கியோவின் மேற்குப் பக்கம் தச்சிகாவாவில் இருக்கும் சிறிய நிறுவனம் அது. இன்றைக்கும் 60, 70 பேர்தான் வேலை செய்கிறார்கள். 1981இல் மசயுகி கடோ தொடங்கியபோது கம்ப்யூட்டர் விற்கும் கடை. பிறகு விளையாட்டுகள் எழுதத் தொடங்கினார்கள். 1985இல் வந்த 'ஸனாடு' 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் அது மலைக்க வைக்கும் கணக்கு.

இப்போது அந்த நிறுவனத்தைத் தாங்கி நிற்பவை இரண்டு தொடர்கள். 1987இல் தொடங்கிய 'ஈஸ்' ஒன்று, 2004இல் தொடங்கிய 'டிரெயில்ஸ்' இன்னொன்று. ஜப்பானில் டிரெயில்ஸை 'கிசெகி' என்பார்கள். 'சோர்சேரியன்', 'பிராண்டிஷ்', 'குருமின்' என்று வேறு சரக்கும் உண்டு. ஆனால் புதிதாக வருகிறவர் வந்து நிற்பது இந்த இரண்டு வாசல்களுக்கு முன்னால்தான்.

இரண்டுக்கும் காசு போட்டிருக்கிறேன், தூக்கமும் போட்டிருக்கிறேன். யாராவது கேட்டால் ஈஸ் என்றுதான் சொல்வேன். எழுத்தில் டிரெயில்ஸ் ஒரு படி மேலே, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்படியிருந்தும் ஈஸைச் சொல்வதற்கு ஒரே ஒரு காரணம் இருக்கிறது. அதைத்தான் கொஞ்சம் இழுத்துப் பேசப்போகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஈஸ் கை வேகத்துக்கு, டிரெயில்ஸ் முறை வைத்து யோசித்து அடிப்பதற்கு. இசை இரண்டிலும் பிரமாதம். ஸ்டீம், பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் என்று கிடைப்பதிலும் பெரிய வித்தியாசமில்லை. கிராஃபிக்ஸ் இரண்டிலுமே அந்தந்தக் காலத்துக்கு ஒரு படி பின்தங்கித்தான் இருக்கும். சின்னக் கம்பெனி, அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

டிரெயில்ஸின் முதல் பாகம் 'டிரெயில்ஸ் இன் தி ஸ்கை'. லிபெர்ல் என்ற குட்டி ராஜ்யம், அதில் ரோலென்ட் என்ற ஊர். ஒரு நாள் இரவு அப்பா கேசியஸ் காயம்பட்ட ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். பதினோரு வயது எஸ்டெல் முறைத்துப் பார்க்கிறாள். ஐந்து வருடம் கழித்து அவளும் அந்தப் பையன் ஜோஷுவாவும் 'பிரேசர்' வேலைக்குச் சேர்கிறார்கள். ஊர்க்காரர்களின் காணாமல் போன பூனை முதல் வழிப்பறி வரை எல்லாவற்றையும் தீர்த்து வைக்கிற வேலை அது. முதல் பத்து மணி நேரம் கதை என்று பெரிதாக எதுவும் நடக்காது. உலகத்தைக் காப்பாற்றும் அவசரம் யாருக்கும் இல்லை.

அதன் உண்மையான வித்தை ஊர்க்காரர்களிடம் இருக்கிறது. கதையில் ஒரு சின்னத் திருப்பம் வந்தாலும் ஊரில் இருக்கிற எல்லோருடைய பேச்சும் மாறும். ஹோட்டல்காரர், மணிக்கூண்டு பார்க்க வந்த பயணி, சண்டை போட்டுக்கொண்ட காதலர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கும். ஒரு ஊரில் சண்டை போட்ட ஜோடியை இரண்டு அத்தியாயம் கழித்து வேறு ஊரில் பார்த்தால் சமாதானம் ஆகியிருப்பார்கள். இதைத் தவறவிடக் கூடாது என்று வீடு வீடாக ஏறி இறங்குவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு நாள் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் மனைவி, "ஏங்க, இவங்க இன்னும் அந்த ஊரை விட்டே கிளம்பலையா?" என்று கேட்டாள். கிளம்பவில்லைதான். அன்று மூன்று மணி நேரம் ஆடினேன், சண்டை போட்டது இரண்டு முறை.

'கார்னீலியா' என்று பதினோரு பாகம் வரும் ஒரு கதைப் புத்தகத்தையும் அங்கங்கே ஒளித்து வைத்திருப்பார்கள். சரியான நேரத்தில் சரியான ஆளிடம் பேசவில்லை என்றால் ஒரு பாகம் போயே போச்சு. சில வேலைகளுக்குக் கெடுவும் உண்டு. கதை நகர்ந்துவிட்டால் அறிவிப்புப் பலகையிலிருந்து அந்தச் சீட்டு காணாமல் போய்விடும்.

இந்த அழகுக்குத்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

முதல் பாகத்தை 52 மணி நேரத்தில் முடித்தேன். அது முடிகிற இடத்தில் முடியாது. ஹார்மோனிகா சத்தத்தோடு உங்களை அந்தரத்தில் விட்டுவிட்டுத் திரை இறங்கும். உடனே இரண்டாம் பாகத்தை வாங்கினேன். எங்களுக்காவது அது தயாராக இருந்தது. முதல் பாகம் ஆங்கிலத்தில் வந்தது 2011இல், இரண்டாவது வந்தது 2015இல். அந்த நான்கு வருடம் காத்திருந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இரண்டாம் பாகத்தில் 18 மணி நேரம் ஆகியிருந்தபோது எங்களுக்குப் பெண் பிறந்தாள். ஏழு மாதம் கன்ட்ரோலரைத் தொடவில்லை. திரும்பி வந்து, விட்ட இடத்தைச் சேமித்து வைத்த சேவ் ஃபைலைத் திறந்தால் ஸைஸ் நகரத்தில் நிற்கிறேன். நிலநடுக்கம் பற்றி விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. பிரேசர்களின் சங்கமான கில்டில் மேசையில் இருக்கும் கிலிகாவின் முகம் ஞாபகம் இருந்தது. மற்றதெல்லாம் கலைந்துபோயிருந்தது. தெருவில் ஒருவர் வழிமறித்து, அன்றைக்குச் செய்த உதவிக்கு நன்றி என்கிறார். எந்த உதவி? எந்த அன்றைக்கு? எஸ்டெலுக்கு அவரைத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. கல்யாண வீட்டில் தோளில் கைபோட்டுப் பேசுகிறவர் யாரென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே நிற்போமே, அந்த நிலைமை.

பிரேசர் குறிப்பேடு என்று ஒன்று உண்டு. என்ன வேலை முடிந்தது, அடுத்து எங்கே போக வேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கும். ஆனால் மனிதர்களைப் பற்றி அதில் இல்லை. டிரெயில்ஸில் மனிதர்கள்தான் சரக்கு. வழியைக் கண்டுபிடித்து நடந்தேன், பாஸ் என்கிற பெரிய எதிரியையும் அடித்தேன். யாருக்காக நடக்கிறேன் என்பது மட்டும் பிடிபடவே இல்லை. இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன்.

இது இந்த ஒரு பாகத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 2004இலிருந்து 2024 வரை பதின்மூன்று பாகங்கள், எல்லாமே ஸெமுரியா என்ற ஒரே கண்டத்தில், ஒரே காலவரிசையில். ஸ்கை மூன்று, கிராஸ்பெல் இரண்டு, கோல்ட் ஸ்டீல் நான்கு என்று உள்தொடர்களாகப் போய்க்கொண்டே இருக்கும். கிராஸ்பெல்லில் தலைகாட்டுகிறவர் கோல்ட் ஸ்டீலில் வந்து நிற்பார். அவர் யாரென்று தெரிந்தால் மயிர்க்கூச்செரியும், தெரியாவிட்டால் யாரோ ஒரு ஆள். பாகத்துக்கு ஐம்பது மணி நேரம் என்று குறைத்தே வைத்தாலும் அறுநூற்றைம்பது மணி நேரம் ஆகிறது. மணிக்கணக்கு எனக்குப் பிரச்சினையில்லை, வருடக்கணக்கில் ஆடிவிடலாம். நடுவில் வாழ்க்கை குறுக்கிட்டால் இது மன்னிக்காது என்பதுதான் என் குறை.

ஈஸ் மன்னிக்கிறது.

'ஒரிஜின்' என்ற ஒரு பாகத்தைத் தவிர ஈஸ் முழுவதுக்கும் ஒரே நாயகன், சிவப்புத் தலைமுடி அடோல் கிறிஸ்டின். அதிகம் பேச மாட்டான். கப்பல் ஏறினால் அது கவிழும் என்பது அவன் ஜாதகம். ஒவ்வொரு பாகமும் அவன் எழுதி வைத்துப்போன பயணக் குறிப்புகளில் ஒன்றிலிருந்து எடுத்த கதை என்று ஒரு ஏற்பாடு. இந்த ஏற்பாட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. போகிற நாடு வேறு, ஆட்கள் வேறு, கதை அங்கேயே தொடங்கி அங்கேயே முடியும். எண் வரிசைகூடக் கதை வரிசை இல்லை. எட்டாவது பாகத்தின் கதை ஆறாவதுக்கு முன்னால் நடக்கிறது. பத்தாவது இரண்டாவதுக்குப் பக்கத்தில். தெரியாமல் ஆடினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. முதல் இரண்டு பாகம் மட்டும் விதிவிலக்கு, அவை உண்மையில் ஒரே கதையின் இரண்டு பாதி.

எட்டாவது பாகம் 'லாக்ரிமோசா ஆஃப் டானா' 2016இல் பிளேஸ்டேஷன் வீட்டா என்ற கையடக்கக் கருவியில் வந்தது. லொம்பார்டியா என்ற கப்பல் கடல் மிருகம் தாக்கி உடைகிறது. அடோல் செய்ரென் தீவில் கரை ஒதுங்குகிறான். தப்பித்தவர்களைத் தேடிப்பிடித்து ஒரு குடியிருப்பு அமைக்க வேண்டும். பாதையை மறித்துக் கிடக்கும் மரத்தை நகர்த்த இத்தனை பேர் வேண்டும் என்று இருக்கும். ஆளைச் சேர்த்தால்தான் வழி திறக்கும். தீவின் வரைபடம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்றும் காட்டிக்கொண்டே இருக்கும்.

இதையும் ஒருமுறை நான்கு மாதம் விட்டுவிட்டேன், மகளுக்குப் பல் முளைத்த காலம். திரும்பி வந்து வரைபடத்தைத் திறந்தேன். நிரம்பாத இடம் கருப்பாகத் தெரிந்தது, அங்கே நடந்தேன். எதிரி தாக்கும் நொடியில் சரியாக விலகினால் உலகமே மெதுவாகும். அந்த நொடி எப்போது என்பது மூளைக்கு மறந்திருந்தது, விரலுக்கு ஞாபகம் இருந்தது. வெட்டு, குத்து, அடி என்று மூன்று வகைத் தாக்குதல், எந்த எதிரிக்கு எது என்பது இரண்டு முறை உதை வாங்கியதும் திரும்பி வந்துவிட்டது. கால் மணி நேரத்தில் விட்ட இடத்தைப் பிடித்துவிட்டேன். சைக்கிள் மாதிரி. மொத்தம் 48 மணி நேரத்தில் முடித்தேன், கடைசிக் காட்சியில் கண் கலங்கியதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. எட்டாவது பாகம் 2017இல் ஆங்கிலத்தில் வந்தபோது மொழிபெயர்ப்பு அவ்வளவு மோசம். ஒரு பிரம்மாண்டமான பழங்காலப் பள்ளத்துக்கு 'பிக் ஹோல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரிய ஓட்டை! ரசிகர்கள் கொதித்ததும் வெளியீட்டாளர் மன்னிப்புக் கேட்டு மறுபடியும் மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். டிரெயில்ஸில் அதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. கிராஸ்பெல் பாகங்களை 'ஜியோஃப்ரன்ட்' என்ற ரசிகர் குழு மொழிபெயர்த்தது. அந்த வேலையையே அதிகாரபூர்வ வெளியீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். இந்த விஷயத்தில் மதிப்பெண் டிரெயில்ஸுக்குத்தான்.

நேரமே இல்லாதவர்களுக்கு 'ஓத் இன் ஃபெல்கானா'. 1989இல் வந்த மூன்றாவது பாகத்தை 2005இல் புதிதாகச் செய்தது. எனக்குப் பதினோரு மணி நேரம் ஆனது. ஆனால் டுலார்ன் என்ற முதல் பெரிய பாஸே நெஞ்சில் மிதிப்பான். ஈஸில் ஒரு லெவல் ஏறினால் அடிபடும் கணக்கே மாறும், அதனால் பிடிவாதமாக மோதாமல் கொஞ்சம் சுற்றிவிட்டு வாருங்கள். கஷ்ட நிலையைச் சுலபம் என்று வைப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. முதலாவது பாகத்தில் அடிக்கவே பட்டன் கிடையாது, எதிரியின் மேல் சற்று விலகி ஓரமாக மோத வேண்டும். நேராக மோதினால் உங்களுக்குத்தான் அடி. சரித்திரப் பிரியர்களுக்கு அது, மற்றவர்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். கோல்ட் ஸ்டீல் நான்கையும் நான் ஆடவில்லை. பள்ளிக்கூடத்தில் தொடங்கும் கதை என்பதால் அங்கிருந்தே நுழையலாம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். பத்தாவது ஈஸில் ஐந்து மணி நேரம்தான் போயிருக்கிறேன். ஸ்கை முதல் பாகத்தை 2025 செப்டம்பரில் முழுக்க 3டியில் மறுபடி செய்து வெளியிட்டார்கள். அதன் டெமோவை மட்டும் ஆடினேன். வேகமாக இருக்கிறது, கண்ணுக்கும் நிறைவாக இருக்கிறது. ஆனாலும் ரோலென்டில் எல்லோரும் அதே மாதிரி நின்று பேசத்தான் செய்கிறார்கள்.

கல்லூரியில் படிக்கிறவர், வேலை மாற்றத்தில் நடுவில் மூன்று மாதம் சும்மா இருக்கிறவர் என்றால் தயங்காமல் ஸ்கையில் இறங்குங்கள். அந்த மாதிரிக் காலம் திரும்ப வராது, அதற்கு இதைவிட நல்ல துணையும் இல்லை. மற்றவர்களுக்கு எட்டாவது ஈஸ். பிடித்துப்போனால் ஃபெல்கானா, பிறகு 'ஒரிஜின்'.

ஸைஸ் நகரத்துச் சேவ் ஃபைலை நான் அழிக்கவில்லை. போன மாதம் திறந்து பார்த்தேன், கிலிகா அதே மேசையில் நிற்கிறாள். முதல் பாகத்திலிருந்து மறுபடி தொடங்குவதா, இல்லை யாராவது எழுதிய கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு அங்கிருந்தே தொடர்வதா என்று முடிவு பண்ண முடியாமல் மூடி வைத்தேன். மகள் அடுத்த ஜூனில் எல்கேஜி போகிறாள். காலையில் இரண்டு மணி நேரம் கிடைக்கும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.