பிரெடியா, டியோவா, ஜேனிஸா? ராக் குரல்களின் வழக்கு

ராக் இசையில் எக்காலத்துக்கும் சிறந்த குரல் யாருடையது என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் குயின் குழுவின் பாடகர் பிரெடி மெர்குரி என்பார்கள். என் பதிலும் அதுதான். ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்தை நான் ஏற்கவில்லை. "நான்கு ஸ்தாயி பாடுவார்" என்பது அந்தக் காரணம். ஒரு 'ச'விலிருந்து அடுத்த மேல் 'ச' வரையிலான தூரம்தான் ஒரு ஸ்தாயி. ஸ்தாயிதான் அளவுகோல் என்றால் போட்டியே தேவையில்லை, ஒரு ஹார்மோனியத்தை எடுத்து வைத்துக் கட்டைகளை எண்ணிவிட்டுப் போகலாம்.

கீழக்கரையில் ராக் கேட்டு வளர்ந்தவன் என்று சொன்னால் மதுரைக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. வளைகுடாவிலிருந்து ஊருக்கு வந்த பெட்டிகளில் சென்ட் பாட்டில், டாங், கோடாலித் தைலம் இவற்றுக்கு நடுவே கேசட்டுகளும் வந்தன. யார் எதற்கு வாங்கினார்கள் என்று தெரியாமலே குயின், லெட் செப்பலின், பிளாக் சப்பாத் என்ற ராக் குழுக்கள் எல்லாம் எங்கள் தெருவுக்குள் நுழைந்துவிட்டன. அதற்கு முன்பே எங்கள் காதைப் பழக்கியிருந்தவர் வேறொருவர்: ராமநாதபுரத்தில் 1925-இல் பிறந்த இசை முரசு நாகூர் ஹனீபா. கல்யாணப் பந்தலின் கூம்பு ஒலிபெருக்கியில் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவனுக்கு உச்சத்தைத் தொடுவது ஓர் அதிசயமாகவே தோன்றாது. உச்சத்தில் நிற்கும்போது எழுத்து உடையாமல் வருகிறதா என்றுதான் காது தேடும்.

இந்த வழக்கில் எனக்கு எதிர்க்கட்சி இருவர். ஒருவர் மைக்செட் வாடகைக்கு விடும் காக்கா; எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்போம். அவர் ரெயின்போ, பிளாக் சப்பாத் குழுக்களில் பாடிய ரோனி ஜேம்ஸ் டியோவின் பக்கம். இன்னொருவன் என் மருமகன். லெட் செப்பலின் பாடகர் ராபர்ட் பிளான்ட்டைத் தவிர யாரையும் ஒப்புக்கொள்ள மாட்டான். அமெரிக்கப் பாடகி ஜேனிஸ் ஜாப்ளினுக்கு வாதாட ஆளில்லை என்பதால் அவருக்கும் நானே வக்கீல்.

பிளான்ட்டை முதலில் முடித்துவிடுகிறேன். 1969 முதல் 1973 வரை அவர் பாடியதை யாரும் குறை சொல்ல முடியாது. 1970-இல் வந்த 'இமிக்ரன்ட் சாங்' தொடக்கத்தில் அவர் எழுப்பும் கூவலுக்குப் பிறகு வந்த ராக் பாடகர்களில் பாதிப் பேர் அதைத்தான் திரும்பச் செய்தார்கள். ஆனால் அந்த உயரம் நீடிக்கவில்லை. எழுபதுகளின் பிற்பகுதி மேடைப் பதிவுகளில் மேல் ஸ்வரங்களைத் தவிர்த்து வளைந்து போகிறார். 2007 டிசம்பரில் லண்டனில் செப்பலின் மீண்டும் கூடியபோது சில பாடல்களின் சுருதியை இறக்கித்தான் பாடினார். அதற்காக அவரைத் தாழ்த்தவில்லை. அதே ஆண்டில் பாடகி ஆலிசன் கிராஸுடன் அமைதியான குரலில் ஓர் ஆல்பம் தந்து, பிறகு அதற்குக் கிராமி விருதும் வாங்கினார். பழைய தன்னையே நகல் எடுக்காத பாடகர் அபூர்வம். ஆனாலும் மருமகன் எப்போது வாதாடினாலும் ஐந்து வருடத்துப் பாடல்களைத்தான் போட்டுக் காட்டுகிறான்.

காக்காவின் வழக்கு இதைவிடக் கெட்டியானது. அவர் குரலைக் கேட்பதே வேறு விதம். ஆடிக் காற்றில் கடற்கரைப் பந்தலுக்கு மைக்செட் கட்டியவருக்கு, கத்துகிறவர்களைக் கண்டாலே ஆகாது. கத்துகிறவர் மைக்கை விட்டு விலகியதும் ஒன்றும் கேட்காது, நெருங்கியதும் ஸ்பீக்கர் கரகரக்கும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழிலிருந்து கையை எடுக்க முடியாது. "டியோவுக்கு ஒரு தடவை வைத்துவிட்டு நான் டீ குடிக்கப் போய்விடுவேன்" என்பது அவர் தீர்ப்பு.

இதில் விஷயம் இருக்கிறது. டியோ சிறு வயதில் டிரம்பெட் வாசித்தவர். பாட்டு வாத்தியார் யாரிடமும் போகாமல், அந்த ஊதுகுழல் தந்த மூச்சுப் பயிற்சியை வைத்தே பாடியதாக அவரே சொல்லியிருக்கிறார். ரெயின்போ குழு 1976-இல் வெளியிட்ட 'ஸ்டார்கேசர்' எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. ஒரு மந்திரவாதி அடிமைகளை வைத்து விண்ணுக்குக் கோபுரம் கட்டுகிற கதை. பின்னால் ம்யூனிக் நகரத்துப் பெரிய இசைக்குழு ஒன்று முழங்குகிறது, கோசி பவல் டிரம்ஸைப் போட்டு உடைக்கிறார். இத்தனைக்கும் மேலே டியோவின் குரல் தனியாக நிற்கிறது. கதையில் மந்திரவாதி விழுந்த பிறகு, கடைசிப் பகுதியில், போகுமிடம் தெரியாமல் நிற்கும் அடிமையாக அவர் புலம்பிக்கொண்டே போவார். குரல் கரகரத்தாலும் ஒரு மெய்யெழுத்துகூட மழுங்காது.

டியோவின் 'ஹோலி டைவர்' ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 40. 'ஹெவன் அண்ட் ஹெல்' என்ற பெயரில் பழைய சப்பாத் நண்பர்களோடு 2007-இல் நியூயார்க்கில் பாடிய பதிவில் வயது 64. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். தேய்மானம் இருக்கிறது, ஆனால் தேட வேண்டியிருக்கிறது. 2010 மே மாதம் வயிற்றுப் புற்றுநோயில் இறக்கும்வரை அந்தத் தொண்டை அவரைக் கைவிடவில்லை. பிரெடியால் இதைச் சொல்லிக்கொள்ள முடியாது. அவருக்குத் தொண்டையில் முடிச்சுத் தொல்லை இருந்தது, சிகரெட்டையும் விடாதவர். ஸ்டூடியோவில் எட்டிய பல உச்சங்களை மேடையில் கீழே இறக்கியே பாடினார். காக்கா இந்தப் பதிவுகளைத் தேடி வைத்திருக்கிறார். நான் மறுக்கவில்லை.

அப்புறம் எதற்குப் பிரெடி?

முதலில் ஸ்தாயிக் கணக்கைக் கழித்துவிடுவோம். 2016-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் அவர் குரலை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். பேசும் குரலைப் பார்த்தால் அவர் பாரிடோன், அதாவது நடுத்தரமான ஆண்குரல். நான்கு ஸ்தாயி என்ற புகழை அவர்களால் உறுதி செய்ய முடியவில்லை. ஆனால் அவர் நீட்டிப் பிடிக்கும் ஸ்வரம் விநாடிக்குச் சுமார் 7 முறை, வழக்கமான பாடகர்களைவிட வேகமாக, ஒழுங்கில்லாமல் நடுங்குவதைக் கண்டார்கள். அவர் உறுமும் ஒலியை ஒரு ராக் பாடகரைப் பாடிக் காட்டச் சொல்லி, தொண்டைக்குள் விநாடிக்கு 4,000 படங்களுக்கு மேல் எடுத்துப் பார்த்தபோது, குரல்நாண்களோடு அவற்றுக்கு மேலே உள்ள மடிப்புகளும் சேர்ந்து அதிர்வது தெரிந்தது. ஆக, அந்தக் குரலின் தனித்தன்மையை உயரத்தைவிட நடுக்கத்திலும் உறுமலிலும்தான் தேட வேண்டும். 'பொஹீமியன் ராப்சடி'யில் எல்லோரும் பிரெடி என்று நினைத்து வியக்கும் அந்த மிக உயர்ந்த குரல்கூட டிரம்ஸ்காரர் ரோஜர் டெய்லருடையது. நான்கு ஸ்தாயிக் கட்சிக்காரர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர் எத்தனை மனிதர்களாகப் பாடுகிறார் என்பது. அதே 'பொஹீமியன் ராப்சடி'யில் ஆறு நிமிடத்துக்குள் அம்மாவிடம் கெஞ்சும் பையனாக வந்து, நடுவில் ஓபராக் கூத்தாடியாகி, கடைசியில் சட்டையைப் பிடித்து உலுக்குகிற முரடனாக நிற்கிறார். 1976-இல் வந்த 'சம்பாடி டு லவ்' பாட்டைக் கேளுங்கள். அமெரிக்கப் பாடகி அரிதா பிராங்க்ளினைப் பார்த்து ஏங்கி எழுதிய பாட்டு. மூன்றே பேரின் குரல்களை அடுக்கடுக்காகப் பதிந்து ஒரு தேவாலயக் கூட்டமாக்கியிருக்கிறார்கள். அதன் நடுவே பிரெடி மன்றாடுகிறார், கோபிக்கிறார், ஓரிடத்தில் கேலியும் செய்கிறார். டியோவுக்குக் கேலி வராது. அவர் பாட்டில் டிராகன் வரும், மந்திரவாதி வருவான், வானவில் வரும். எல்லாவற்றையும் ஒரே கம்பீரத்தோடு பாடுவார். அந்தக் கம்பீரம் பெரிதுதான், ஆனால் அது ஒரே நிறம்.

இரண்டாவது காரணம் 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானம், நிதி திரட்ட நடந்த 'லைவ் எய்ட்' இசை நிகழ்ச்சி. குயினுக்குக் கிடைத்தது சுமார் இருபது நிமிடம். 'ரேடியோ கா கா' முடிந்ததும் வாத்தியங்கள் நிற்கின்றன. பிரெடி "ஏஏ-ஓ" என்று ஓர் ஓசையை வீசுகிறார். 72,000 பேர் திருப்பி வீசுகிறார்கள். அடுத்ததைக் கொஞ்சம் வளைத்துத் தருகிறார், அதுவும் திரும்புகிறது. இன்னும் வளைக்கிறார். சொல்லே இல்லை. எங்கள் கரையில் கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது இப்படித்தான்; எடுத்துக்கொடுப்பவர் சோர்ந்தால் வலையும் நின்றுவிடும். அந்தப் பகுதியைக் காணொளியில் பார்க்கும்போது மட்டும் காக்கா வாயை மூடிக்கொள்கிறார். பிறகு "அது பாட்டில்லை, கூட்டத்தை ஆட்டுவது" என்று பேச்சை மாற்றுவார். ராக் பாடகர் பாடுவது கூட்டத்துக்கு முன்னால்தானே, காக்கா?

ஜேனிஸ் ஜாப்ளினை வரிசையில் சேர்த்தாலே ஆண்கள் முகம் சுளிக்கிறார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் ஆர்தர் என்ற எண்ணெய் ஊரில் 1943-இல் பிறந்தவர். 1967-இல் மான்டெரே இசை விழாவில் 'பால் அண்ட் செயின்' பாடியதன் பதிவு இருக்கிறது; கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பாடகி காஸ் எலியட் வாய் பிளந்து பார்ப்பதையும் கேமரா பிடித்திருக்கிறது. ஆனால் நான் சொல்ல வருவது அதுவல்ல. 1970 அக்டோபர் 1 அன்று, இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, 'மெர்சிடீஸ் பென்ஸ்' பாட்டைப் பதிந்தார். வாத்தியம் கிடையாது. காலால் தட்டிக்கொள்ளும் தாளம், அதன்மேல் அந்தக் கிழிந்த குரல். இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டுக் கடைசியில் சிரிக்கிறார். அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்தில் இன்னொரு பாட்டு வாத்தியத்தோடு மட்டும் வெளிவந்தது. அதற்குக் குரல் கொடுக்க அவர் உயிரோடு இல்லை. வயது 27. துணைக்கு எதுவுமே இல்லாமல் குரலை நிற்கவைத்துப் பார்க்கும் சோதனை என்றால் இந்த நால்வரில் முதலிடம் இவருக்கே.

பிரெடி, டியோ, ஜேனிஸ், பிளான்ட் என்பது என் வரிசை. டியோவுக்கும் ஜேனிஸுக்கும் இடையே எனக்கே வாரத்துக்கு வாரம் மாறும். 2008-இல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை வெளியிட்ட நூறு பாடகர் பட்டியலில் பிளான்ட் 15, பிரெடி 18, ஜேனிஸ் 28 என்று இருப்பதை மருமகன் செல்பேசியில் எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டுகிறான். "பாருங்கள் மாமா, உங்கள் ஆள் மூன்று இடம் கீழே." அந்தப் பட்டியலில் முதலிடம் அரிதா பிராங்க்ளினுக்கு என்பதையும் படி என்றேன். பிரெடி யாரைப் பார்த்து ஏங்கினாரோ, அவருக்கே.