ஏஐ ஏஜென்டைக் கொண்டு ஏயூஆரில் தேடுதல்: ஒரு டிடிபி கடைக்காரரின் மதிப்பீடு

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் நான் நடத்தும் டிடிபி கடையில் காலையில் தமிழ்க் கல்யாணப் பத்திரிகையும் மத்தியானம் வில்லேஜ் ஆபீசுக்கான மலையாள மனுவும் ஒரே கணினியில் தயாராகின்றன. அதில் ஓடுவது லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஆர்ச் லினக்ஸ். பள்ளிக்கூடக் கணினிகளிலேயே லினக்ஸ் இருக்கும் மாநிலம் என்பதால் இதை இங்கே யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. ஆனால் இரண்டு மொழி எழுத்துருக்களையும் பழைய லேசர் பிரிண்டர் ஒன்றையும் ஒழுங்காக ஓட வைக்க, பயனர்களே மென்பொருள் நிறுவும் பொதிகளை (பேக்கேஜ்) எழுதி ஏற்றி வைக்கும் ஏயூஆர் களஞ்சியத்தில் அடிக்கடி துழாவ வேண்டியிருக்கிறது. அந்த வேலையை, மாதச் சந்தா கட்டி டெர்மினலில் ஓட்டும் ஓர் ஏஐ ஏஜென்டிடம் ஒப்படைத்து இரண்டு மாதம் பார்த்தேன். ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி என்ற நெறிமுறை வழியாக அது ஏயூஆரை நேரடியாகக் கேட்டு விடை வாங்கும்படி இணைத்துக்கொண்டேன். அமைப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

முதலில் கொடுத்தது பிரிண்டர் வேலை. எங்களிடம் இருப்பது கேனான் எல்பிபி 2900. இது கேப்ட் என்ற தனி முறையில்தான் பேசும் என்பதால் பொதுவான டிரைவர் எதுவும் ஒத்துவராது. ஏஜென்ட் இரண்டு வழிகளைக் கொண்டுவந்தது: நிறுவனத்தின் டிரைவரையே பேக்கேஜாகக் கட்டியது ஒன்று, ஆர்வலர்கள் புதிதாக எழுதிய திறமூல டிரைவர் மற்றொன்று. முன்னதற்கு 32 பிட் நூலகங்கள் தேவை, அதற்கு மல்டிலிப் களஞ்சியத்தைத் திறந்துவிட வேண்டும் என்பதை, பேக்கேஜ் எப்படிக் கட்டப்படுகிறது என்று எழுதியிருக்கும் பிகேஜிபில்டு கோப்பைப் படித்து அதுவே சொன்னபோது, நான் கைப்பட ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்திருக்க வேண்டியதை அரை நிமிடத்தில் பெற்றேன் என்பதை மறைக்க மாட்டேன். வரிசைப்படுத்துவதில் மட்டும் அது தடுமாறியது. எதை மேலே வைப்பது என்பதை ஏயூஆரில் பயனர்கள் போட்ட ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்தது. ஓட்டு என்பது ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும், ஆனால் ‘பாப்புலாரிட்டி’ எண்ணில் ஒவ்வோர் ஓட்டின் மதிப்பும் தினமும் 0.98 மடங்காகத் தேயும் என்பதால் இன்றைக்கு எது புழக்கத்தில் இருக்கிறது என்பதை அந்த எண்தான் காட்டும். இதை ஒருமுறை சொல்லிக்கொடுத்த பின் திருந்திக்கொண்டது.

உண்மையான சிக்கல் தமிழ்99 விசைப்பலகையில் வந்தது. கடைக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு அது வேண்டும் என்று கேட்டதற்கு, ஏஜென்ட் சற்றும் தயங்காமல் கேட்பதற்கு மிகப் பொருத்தமான ஒரு பேக்கேஜ் பெயரைச் சொல்லி, அதை நிறுவும் கட்டளையையும் எழுதிக் கொடுத்தது. அந்தப் பெண்ணே தேடிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இந்தப் பேர்ல ஒண்ணுமே வரலீங்களே” என்றாள். அப்படி ஒரு பேக்கேஜே கிடையாது. தமிழ்99 தனிப் பேக்கேஜாக வருவதில்லை, பல மொழித் தட்டச்சு முறைகளைக் கொண்ட எம்17என் தரவுத் தொகுப்புக்குள் ஒரு சிறு கோப்பாக இருக்கிறது. ஏயூஆர் தேடலோ பேக்கேஜின் பெயரையும் விவரணையையும்தான் பார்க்கும், உள்ளே இருக்கும் கோப்புகளைப் பார்க்காது. தேடலில் ஒன்றும் கிடைக்காத இடத்தை ஏஜென்ட் தன் கற்பனையால் நிரப்பிவிட்டது.

இது சிரித்துவிட்டு விடுகிற தவறு இல்லை. ஏயூஆரில் கணக்குத் தொடங்கிய எவரும், யாரும் எடுத்திராத பெயரில் பேக்கேஜ் ஏற்றலாம் என்பதால், ஏஐ கற்பனை செய்யும் பெயரை முன்கூட்டியே ஊகித்து அதில் விஷம் வைத்துக் காத்திருப்பது முடியாத காரியம் அல்ல. 2018 ஜூலையில் கவனிப்பாரற்றுக் கிடந்த ‘அக்ரோரீட்’ பேக்கேஜை ஒருவர் தத்தெடுத்துத் தீய நிரலைச் சேர்த்தார். 2025 ஜூலையில் பிரவுசர் திருத்தம் என்ற பெயரில் வந்த மூன்று பேக்கேஜுகளில் கேயாஸ் ராட் என்ற தொலைக்கட்டுப்பாட்டு நிரல் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, ஏற்றிய இரண்டே நாளில் நீக்கப்பட்டன. பெயர்களைப் பார்த்தால் எந்த ஏஜென்டும் அவற்றை முதல் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும்.

ஆகவே நிறுவும் உரிமையை அதனிடமிருந்து பிடுங்கிவிட்டேன். இப்போது அது தேடும், பிகேஜிபில்டைப் படித்துக் காட்டும். மூலக் கோப்பு எங்கிருந்து இறங்குகிறது, சரிபார்ப்பு எண் இருக்கிறதா அல்லது சரிபார்க்காமல் தாண்டும்படி ‘ஸ்கிப்’ என்று விடப்பட்டிருக்கிறதா, கூடவே ரூட் உரிமையுடன், அதாவது கணினியில் எதையும் மாற்றும் அதிகாரத்துடன், ஓடும் இன்ஸ்டால் கோப்பு ஏதேனும் உண்டா என்ற மூன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். இந்தப் படிக்கும் வேலையில் அது என்னைவிடப் பொறுமைசாலி. கட்டளையை நான்தான் தட்டுகிறேன்.

தமிழில் கேட்டால் புரிந்துகொள்கிறது, ஆனால் பதிலில் பராமரிப்பவர் இல்லாத ‘ஆர்ஃபன்’ பேக்கேஜை ‘அனாதை’ என்று எழுதியதைப் படித்து அந்தப் பெண் பதறிவிட்டாள். கலைச்சொற்களை அப்படியே விடும்படி சொல்லிவிட்டால் தொல்லை இல்லை. சந்தாப் பணம், மாதத்துக்கு நாலைந்து முறை மட்டும் தேடுகிறவருக்கு அதிகம். மூன்று நான்கு கணினிகளைப் பராமரிப்பவருக்குக் கட்டுப்படியாகும்.

தமிழ்99 விஷயம் முடிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எம்17என் தொகுப்பு எங்கள் கணினியில் ஏற்கெனவே இருந்தது, மலையாளத் தட்டச்சுக்காக நானே எப்போதோ நிறுவியது. தட்டச்சு முறையை மாற்றித் தரும் ஐபஸ் மென்பொருளின் அமைப்பில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்தவுடன் அந்தப் பெண் மாப்பிள்ளை வீட்டார் பெயரை அடிக்கத் தொடங்கிவிட்டாள்.