ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும்: பாலக்கோடு கடையில் 3 வருட அனுபவம்

பாலக்கோடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2017-இல் வாங்கிய லேப்டாப்பில் 3 வருடமாக விண்டோஸ் 10, லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) இரண்டும் ஓடுகின்றன. கல்யாணப் பத்திரிகை, தக்காளி மண்டி பில் புக் என்று பழைய வேலையெல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய விண்டோஸ் பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் பாமினி எழுத்துருவிலும் இருப்பதால் விண்டோஸை விட முடியாது.

லினக்ஸ் போட்டது பென்டிரைவுக்காக. ஒரு நாள் காலேஜ் பையன் ஒருவன், "அண்ணா, ப்ராஜெக்ட் மொத்தமும் போச்சுண்ணா" என்று வந்து நின்றான். விண்டோஸில் பார்த்தால் ஷார்ட்கட் வைரஸ். ஒரு ஃபைலும் இல்லை. மின்ட்டில் செருகினேன். பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரிந்தது, திறந்தால் அத்தனையும் உள்ளே பத்திரமாக இருந்தது. வைரஸ் அதை மறைத்துத்தான் வைத்திருந்தது. அன்றிலிருந்து வெளியார் பென்டிரைவ் எதையும் விண்டோஸில் செருகுவதில்லை.

512 ஜிபி எஸ்எஸ்டியில் லினக்ஸுக்கு 100 ஜிபி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு டி டிரைவ் பிரித்தேன். முதல் வாரம் லினக்ஸிலிருந்து டி டிரைவில் எதையும் சேமிக்க முடியவில்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் முழுசாக அணையாது, அதனால் லினக்ஸால் அந்த டிரைவில் எழுத முடியாது. பவர் ஆப்ஷனில் போய் அதை எடுத்த பிறகுதான் சரியானது. அடுத்தது கடிகாரம். காலை 10 மணிக்குப் போட்ட பில்லில் 4.30 என்று அச்சானது. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த 5.30 மணி வித்தியாசம்தான் இது. லினக்ஸ் டெர்மினலில் (கட்டளை டைப் அடிக்கும் திரை) ஒரே கட்டளை, தீர்ந்தது.

புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தெரிந்த பெண்ணின் விண்டோஸ் 11 லேப்டாப்பில் செக்யூர் பூட்டை (லேப்டாப் தொடங்கும்போது நம்பகமில்லாத மென்பொருளைத் தடுக்கும் பயாஸ் அமைப்பு) மாற்றியதும் நீலத் திரை வந்து, டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. நல்லவேளை, அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்கில் எடுத்துவிட்டுப் பிறகு பயாஸ் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) பக்கம் போங்கள்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. என் லேப்டாப் 11-க்குத் தகுதி இல்லை. அதனால் விண்டோஸ் பக்கம் நெட்டைத் துண்டித்துவிட்டேன். அங்கே பேஜ்மேக்கர் மட்டும். பேங்க், மெயில், தமிழ்99 விசைப்பலகை முறையில் டைப் அடிப்பது எல்லாம் மின்ட்டில்தான் நடக்கிறது.